பாஸ்போர்ட்டில் 8, பார்த்தால் 6: தேதியை மாற்றலாமா?

காப்பகத்திலிருந்து தத்தெடுத்து வந்த பிள்ளையின் பிறந்த தேதியை மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்குத் தொடாதீர்கள். ஒரு வருடமாவது போகட்டும். பாஸ்போர்ட்டில் 8 வயது, ஆளைப் பார்த்தால் 6 வயதுக்கு மேல் மதிக்க முடியவில்லை என்கிறீர்கள். காப்பகத்திலிருந்து வரும் பிள்ளைகளிடம் உயரத்தை வைத்துப் போடும் கணக்கு எடுபடாது.

காப்பகத்தில் 3 மாதம் இருந்தால் 1 மாத வளர்ச்சி போச்சு என்று மருத்துவர்கள் தோராயமாகச் சொல்வதுண்டு. சாப்பாடு மட்டும் காரணமில்லை. தூக்கிக் கொஞ்ச ஆளில்லாவிட்டாலும் உடம்பு வளர மறுக்கும். வீட்டுக்கு வந்தபின் பலர் மளமளவென்று உயர்ந்துவிடுவார்கள்.

அப்புறம், பல்லைப் பாருங்கள். கீழ் முன்பற்கள் நான்கும் மேலே நடுப்பற்கள் இரண்டும் விழுந்து முளைத்தவையாக இருந்தால் 8 நம்பக்கூடியதுதான். புதிதாக முளைத்த பல்லின் ஓரம் ரம்பம் மாதிரி நெளிநெளியாக இருக்கும். பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தால் இன்னும் தெளிவாகும். மணிக்கட்டு எக்ஸ்ரேயை மட்டும் நம்பிவிடாதீர்கள்; ஊட்டம் குறைந்த பிள்ளைக்கு எலும்பு வயதைக் குறைத்தே காட்டும்.

பள்ளிதான் கவலையென்றால், தேதியை மாற்றாமலே ஒரு வகுப்பு கீழே சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இப்படி வரும் பெண் பிள்ளைகள் சிலர் சீக்கிரமே வயதுக்கு வந்துவிடுகிறார்கள். மார்பு வளர்ச்சி தெரிந்தால் ஒரு வருடமெல்லாம் காத்திருக்காமல் குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரிடம் காட்டுங்கள். உயரம் பாதியில் நின்றுபோக வாய்ப்புண்டு.