பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது, இன்சுலின் போகிறதா?

டைப் 1 நீரிழிவுக்காக இன்சுலின் பம்ப் (தோலில் ஒட்டிய குழாய் வழியே இன்சுலின் செலுத்தும் சிறு கருவி) அணியும் உங்கள் மகளைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்தேன். அன்று விடியற்காலையில் அவள் எடுத்த வாந்திக்கும் பள்ளி ஆண்டு விழாவில் சாப்பிட்ட பரோட்டாவுக்கும் தொடர்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மாலையில் கதவுக் கைப்பிடியில் இன்சுலின் பம்பின் டியூப் மாட்டி இழுபட்டது. இரவு ஒன்பது மணிக்கு ரத்தச் சர்க்கரை 340. பம்ப் வழியாகவே இரண்டு முறை கூடுதல் இன்சுலின் கொடுத்தும் நள்ளிரவில் 390. பிறகு வயிற்று வலி, வாந்தி. காலையில் செட்டை, அதாவது தோலில் ஒட்டும் பிளாஸ்டரையும் அதோடு சேர்ந்த கேனுலாவையும், கழற்றியபோது பிளாஸ்டரின் அடிப்பக்கம் ஈரமாகவும், தோலுக்குள் இறங்கும் மெல்லிய குழாயான கேனுலா மடங்கியும் இருந்தது. நீங்கள் எழுதியுள்ள இந்த வரிசையே நடந்ததைச் சொல்லிவிடுகிறது. டியூப் இழுபட்டபோது கேனுலா தோலை விட்டு நழுவியிருக்கிறது. அதன் பிறகு பம்ப் தள்ளிய இன்சுலின் பெரும்பாலும் பிளாஸ்டரை நனைப்பதில் செலவாகியிருக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்த வாந்தி மாத்திரைதான் அந்த இரவில் நீங்கள் எடுத்த மிகத் தவறான முடிவு. வாந்தி நின்றதும் சரியாகிவிட்டது என்று நம்பிப் படுக்கவைத்துவிட்டீர்கள். உள்ளே கீட்டோன், அதாவது இன்சுலின் இல்லாதபோது கொழுப்பு கரைந்து உண்டாகும் அமிலப் பொருள், ஏறிக்கொண்டே இருந்திருக்கும்.

கடிதத்தில் எத்தனையோ கேள்விகள் இருந்தாலும், நீங்கள் கேட்க அஞ்சிக்கொண்டே கேட்டிருப்பது கடைசி வரியில் இருக்கிறது: தூங்கும்போது டியூப் கழன்றுவிட்டால், எங்களுக்குத் தெரியாமலேயே பிள்ளையை இழந்துவிடுவோமா? நிமிடங்களில் அப்படி எதுவும் நடந்துவிடாது. உங்களுக்குச் சில மணி நேரம் அவகாசம் இருக்கிறது, அந்த நேரத்தில் உடல் தெளிவான அறிகுறிகளையும் காட்டும். ஆனால் அந்த அவகாசம் எவ்வளவு குறுகியது என்பதைப் பம்ப் அணியும் ஒவ்வொரு வீடும் அறிந்திருக்க வேண்டும்.

ஊசி போட்டுக்கொண்டிருந்த காலத்தில் உங்கள் மகளுக்கு நாள் முழுவதும் மெதுவாக வேலை செய்யும் நீண்டநேர இன்சுலின் ஒன்று உடலில் எப்போதும் இருந்தது. ஒரு வேளை உணவுக்கான ஊசியை மறந்தாலும் அது ஓரளவு தாங்கிக்கொண்டது. பம்பில் அது கிடையாது. விரைவாக வேலை செய்யும் இன்சுலினைத்தான் பம்ப் துளித் துளியாக இரவு பகலாகச் செலுத்துகிறது. அந்த ஓட்டம் நின்றால் உடலில் மிச்சமிருக்கும் இன்சுலின் மூன்று நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். டைப் 1 உள்ளவர்களின் உடல் சொந்தமாக இன்சுலின் சுரக்காததால், அதன் பிறகு கொழுப்பு கரைந்து கீட்டோன் சேரத் தொடங்கி, ரத்தம் அமிலத்தன்மை அடையும் கீட்டோஅசிடோசிஸ் என்ற ஆபத்தான நிலைக்கு அது இட்டுச் செல்லும். மாலையில் கழன்ற கேனுலாவுக்கு விடியற்காலையில் வாந்தி வந்தது தற்செயல் அல்ல.

‘பம்ப் அலாரமே அடிக்கவில்லையே’ என்று வியப்போடு கேட்டிருக்கிறீர்கள். அது அடித்திருக்க வாய்ப்பும் இல்லை. பம்பின் அடைப்பு அலாரம் டியூபுக்குள் அழுத்தம் கூடினால் மட்டுமே ஒலிக்கும். கேனுலா வெளியே வந்து இன்சுலின் தோல்மேல் கசியும்போது தடையே இல்லாததால், எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே பம்ப் கணக்கு வைத்துக்கொள்ளும். நீங்கள் கொடுத்த இரண்டு கூடுதல் அளவுகளும் உடலுக்குள் போய்விட்டதாக எழுதிக்கொண்டு, மூன்றாவது முறை கேட்டால் ‘இன்சுலின் இன்னும் மிச்சமிருக்கிறது, வேண்டாம்’ என்றும் அது சொல்லக்கூடும். ஆகவே பம்பின் திரை சொல்வதையும் பிளாஸ்டர் ஒட்டியிருப்பதையும் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரை அளவும் பிள்ளையின் வயிறும் சொல்வதை நம்புங்கள்.

இனிமேல் காரணம் புரியாமல் சர்க்கரை 250-க்கு மேல் போனால், சாப்பாட்டைப் பற்றிய விசாரணையைத் தொடங்குவதற்கு முன் கீட்டோன் பாருங்கள். சிறுநீரில் தோய்க்கும் பட்டை பெரிய மருந்துக் கடைகளில் கிடைக்கும். ரத்தத்தில் பார்க்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. கீட்டோன் இல்லையென்றால் பம்ப் வழியாக ஒரே ஒரு முறை திருத்த அளவை (ஏறிய சர்க்கரையை இறக்கும் கூடுதல் இன்சுலினை) கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். இறங்கத் தொடங்கவில்லை என்றாலோ, முதலிலேயே கீட்டோன் இருந்தாலோ, அதாவது ரத்தத்தில் 0.6-க்கு மேல் காட்டினாலோ, அடுத்த மருந்தைப் பம்பிடம் ஒப்படைக்கக் கூடாது. பேனா அல்லது சிரிஞ்ச் மூலம் நேரடியாக ஊசி போட்டுவிட்டு, அதன் பிறகு செட், டியூப் இரண்டையும் புதிதாக மாற்றி, தண்ணீர் நிறையக் குடிக்கச் செய்யுங்கள். எத்தனை யூனிட் என்பதை உங்கள் மகளின் எடையையும் வழக்கமான அளவையும் அறிந்த மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். நள்ளிரவில் இணையத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய எண் அல்ல அது. ஊசியாகப் போட்டது பம்புக்குத் தெரியாது என்பதால், அடுத்த நான்கு மணி நேரத்துக்கு அது பரிந்துரைக்கும் அளவுகளை அப்படியே ஏற்கக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி, டியூப் இழுபடாமல் பார்த்துக்கொள்வது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும்போது செவிலியர் டியூபை நேராக விடாமல், ஒரு வளையமாக வளைத்துக் கையோடு பிளாஸ்டர் போட்டு ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதையேதான் இங்கும் செய்ய வேண்டும். கேனுலா இருக்கும் இடத்திலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி, டியூபை மடங்கிவிடாதபடி அகலமான ஒரு வளையமாகச் சுற்றி, மைக்ரோபோர் போன்ற மென்மையான பிளாஸ்டரால் தோலோடு ஒட்டிவிடுங்கள். கதவோ, பேருந்தின் கம்பியோ, புத்தகப் பையின் வாரோ இழுத்தால் முதலில் அந்தப் பிளாஸ்டர் பிய்யும், கேனுலா தப்பிக்கும். கழிவறையில் உடையைத் தளர்த்தும்போது இடுப்பிலிருந்து பம்ப் நழுவி டியூபில் தொங்குவது மிகச் சாதாரணமாக நடப்பது, பெண் பிள்ளைகள் வெட்கப்பட்டு வீட்டில் சொல்லாமல் விடுவது. அங்கும் இந்த வளையம் காப்பாற்றும். மிச்ச டியூபை உடைக்கு உள்ளேயே கொண்டுபோய்ப் பம்பைத் துணிப்பையில் இடுப்போடு கட்டிவிட்டால், வெளியில் மாட்டுவதற்கு எதுவும் இருக்காது. டியூப் இரண்டு மூன்று நீளங்களில் வருகிறது, 110 செ.மீ. டியூபைச் சுருட்டி வைத்துக்கொண்டு சிரமப்படுகிறாள் என்றால், 60 செ.மீ. போதுமா என்று கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டர் மூலையில் உரிந்துவிடுகிறது என்று புகார் சொல்லும் நீங்களே, பக்கத்துப் பத்தியில் செட் போடும் இடத்தில் ஆன்டிபயாட்டிக் பவுடர் தூவுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பவுடரின் மேல் எந்தப் பசை ஒட்டும்? புண் இல்லாத தோலில் அந்தப் பவுடருக்கு வேலையும் இல்லை. தேங்காய் எண்ணெய், லோஷன், டால்கம் பவுடர் எதுவும் அந்த இடத்தில் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, ஸ்பிரிட் பஞ்சால் தடவி, அது முழுவதும் காய்ந்த பிறகு ஒட்டி, உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உடல் சூட்டில்தான் பசை நன்றாகப் பிடிக்கும். மதுரை வெயிலில் வியர்வையால் உரிந்தால், பசைக்கு முன் தோலில் தடவும் தடுப்புப் படலத் துடைப்பான்கள் கிடைக்கின்றன. பிளாஸ்டரின் ஓரங்களைச் சுற்றி இன்னொரு பிளாஸ்டரால் சட்டம் போலவும் ஒட்டலாம். யாரோ காணொளியில் காட்டினார் என்பதற்காக ஃபெவிக்விக் தொடுவதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். அது தோலைச் சுடும். கழற்றும்போது தோலும் சேர்ந்து வரும்.

இடத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். பாவாடை நாடாவும் சுடிதார் நாடாவும் அழுந்தும் இடுப்பு வரி வேண்டாம். தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளியே வயிற்றில் போடுங்கள். புட்டத்தின் மேற்புற வெளிப்பக்கம் பல பிள்ளைகளுக்கு வசதியாக இருக்கிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் அங்கே வலி குறையும் என்பது உண்மைதான். ஆனால் தோலடியில் கொழுப்புக் கட்டி தடித்து, இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாமல் போகும். மகள் ஒல்லி என்று எழுதியிருப்பதால், நேராக இறங்கும் கேனுலாவுக்குப் பதில் சாய்வாக இறங்குவது பொருந்துமா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள். மடங்கிய கேனுலாவுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். படுக்கப் போகும் முன் செட் மாற்றும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். காலையில் உணவுக்கு முன் மாற்றினால், இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பார்த்து அது வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். எப்போதாவது பிளாஸ்டர் அருகே டெட்டால் போன்ற ஒரு மருந்து வாடை வந்தால், அது இன்சுலினில் சேர்க்கப்பட்டுள்ள பதப்படுத்தும் பொருளின் வாடை. கசிகிறது என்று பொருள், அப்போதே மாற்றுங்கள்.

மற்ற பயங்களுக்கு அதிக நேரம் தேவையில்லை. டியூபில் தெரியும் காற்றுக் குமிழி இதயத்துக்குப் போகாது. கேனுலா இருப்பது தோலடிக் கொழுப்பில், ரத்தக் குழாயில் அல்ல. பெரிய குமிழியால் சிறிதளவு இன்சுலின் குறையும், அவ்வளவுதான். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த மருந்தை அறைச் சூட்டுக்கு வரவிட்டு நிரப்பினால் குமிழிகள் குறையும். டியூப் இழுபட்டால் மொத்த மருந்தும் உள்ளே இறங்கிவிடும் என்பது வெறும் வதந்தி. ஆனால் புது டியூபை நிரப்பும்போது அது உடலோடு இணைந்திருக்கக் கூடாது. அந்தத் தவறு உண்மையிலேயே சர்க்கரையை ஆபத்தாக இறக்கிவிடும். குளிக்கவும் கபடி ஆடவும் பம்பைக் கழற்றலாம், ஒரு மணி நேரத்துக்குள் மாட்டிவிட வேண்டும். செட் கழற்றிய இடத்தில் சிவப்புப் புள்ளி இருந்தால் கவலை வேண்டாம். சூடாக, கெட்டியாக, பரவும் சிவப்பாக, சீழோடு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

விலை காரணமாக ஒரு செட்டை ஆறு நாள் ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிரமம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் வழக்கமான செட்டுகள் இரண்டு மூன்று நாளுக்கு என்று செய்யப்பட்டவை. அதற்கு மேல் அடைப்பு, கசிவு, தொற்று எல்லாம் கூடும். மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றக் குடும்பத்தால் இயலாது என்றால், மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிப் பேனா ஊசிக்கே திரும்பிவிடுங்கள். அதில் எந்தத் தாழ்வும் இல்லை; ஒழுங்காகப் போடும் நான்கு ஊசி, இழுத்தடிக்கும் பம்பைவிடப் பாதுகாப்பானது.

வீட்டிலும் பள்ளிப் பையிலும் ஒரு இன்சுலின் பேனா, ஊசிகள், ஒரு புது செட், கீட்டோன் பட்டை எப்போதும் இருக்கட்டும். வாந்தி நிற்காவிட்டாலோ, மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்கினாலோ, வாயில் பழ வாடை அடித்தாலோ, மயக்கமாகப் பேசினாலோ, ரத்தக் கீட்டோன் 1.5-ஐத் தாண்டி ஊசிக்கும் இறங்காவிட்டாலோ, 3-ஐத் தொட்டாலோ வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அவசரப் பிரிவில் ‘வயிற்று வலி, வாந்தி’ என்று மட்டும் சொன்னால் அல்சர் ஊசி போட்டு உட்காரவைத்துவிடக்கூடும். ‘டைப் 1, இன்சுலின் பம்ப், செட் கழன்று இத்தனை மணி நேரம் ஆயிற்று, கீட்டோன் பாருங்கள்’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.