மரிக்கொழுந்தில் மலேரியா மருந்து உண்டா? – கேள்வி பதில்

ஓசூர் விவசாயி: சார், மலேரியா மருந்து எடுக்கிற ஆர்ட்டிமீசியாவும் நாங்க போடுற மரிக்கொழுந்தும் ஒரே இனமாமே. காய்ச்சிக் குடிச்சா போதாதா?

பேரினம் ஒன்று, சரக்கு வேறு. கத்தரியும் உருளைக்கிழங்கும்கூட ஒரே பேரினம்தான். கத்தரிச் செடியைத் தோண்டினால் கிழங்கா வருகிறது? மரிக்கொழுந்து எண்ணெயில் மணப்பது டவனோன் என்ற சரக்கு. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் கிடைப்பது அதே பேரினத்தின் இன்னொரு செடியான ஆர்ட்டிமீசியா அன்னுவாவில்.

அதையும் காய்ச்சினால் கெட்டது. சீனாவில் இந்த மருந்தைக் கண்டுபிடித்த தூ யூயூவின் குழு முதலில் தடுமாறியது இங்கேதான். சீன மருத்துவர் கோ ஹோங்கின் 4ஆம் நூற்றாண்டுக் குறிப்பு, ஒரு கைப்பிடித் தழையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்கிறது. காய்ச்சு என்று சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு, சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதர் என்ற கரைப்பானில் சாரத்தை இறக்கினார்கள். 1972இல் தூய படிகம் கைக்கு வந்தது. அந்த மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் கோத்த ஒரு பாலம் உண்டு. மலேரியா ஒட்டுண்ணி நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினைத் தின்னும்போது வெளிவரும் இரும்பு அந்தப் பாலத்தை உடைக்கும். உடைந்த துண்டுகள் ஒட்டுண்ணியின் புரதங்களைப் பொசுக்கும். சூட்டில் பாலம் போனால் மருந்தும் போச்சு.

பாலக்கோடு: அப்போ அன்னுவா நாத்து வாங்கி, பச்சையா ஊறவைக்கலாமா?

கூடாது. செடிக்குச் செடி அளவு மாறும், தண்ணீரில் சரியாகக் கரையாது, சில மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடும். அரைகுறை அளவில் தப்பிய ஒட்டுண்ணி மருந்துக்கே பழகிவிடும். அதனால்தான் இன்னொரு மருந்தோடு சேர்த்து 3 நாள் கொடுக்கிறார்கள். முதலில் ரத்தத் தடவல் (துளி ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி ஒட்டுண்ணி தேடும் சோதனை) பாருங்கள்.

ஊத்தங்கரை: நீலகிரி சிங்கோனா பட்டையைக் குடிச்சு வெள்ளைக்காரன் பொழைக்கலையா?

பிழைத்தான். ஆனால் பட்டைக்குப் பட்டை வீரியம் மாறியது. 1820இல் பட்டையின் மருந்துச் சரக்கான குயினைனைப் பிரித்த பிறகுதான் எடைபோட்டுக் கொடுக்க முடிந்தது. நீலகிரி நடுவட்டத்தில் குயினைன் தொழிற்சாலை வைத்தது எதற்காம், பட்டையை அப்படியே மெல்லவா?

ஓசூர் விவசாயி: இருந்தாலும் மரிக்கொழுந்தை யாரும் சரியா சோதிச்சுப் பார்க்கலையே சார்?

ஐயா, மாலை கட்டுங்கள், எண்ணெய் எடுங்கள். காய்ச்சலுக்கு ரத்தத் தடவல்.

அரூர்: நிலவேம்பு?

நான்காவது ஆள் நீங்கள். சோதனைக்குழாயில் ஒட்டுண்ணியைத் தடுத்தால் உடம்பிலும் தடுக்கும் என்று அர்த்தமில்லை. மலேரியா மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம்.

காவேரிப்பட்டணம்: பப்பாளி இலைச் சாறு?

அது டெங்குப் பேச்சு. ரத்தத் தடவல்!

பென்னாகரம்: அப்பாவுக்கு வைவாக்ஸ் வகை மலேரியா. பிரைமாகுயின் 14 நாள்ல 5 நாள் ஆச்சு, காய்ச்சல் விட்டிருச்சு. நிறுத்திடலாமா?

நிறுத்தாதீர்கள். ரத்தத்தில் இருந்த ஒட்டுண்ணி போயிருக்கும். கல்லீரலில் தூங்குவது மாதக்கணக்கில் காத்திருந்து எழும். மீதி 9 நாளும், வெறும் வயிற்றில் இல்லாமல். சிறுநீர் கறுத்தால் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.