யாரு கடிச்சா? கன்னுச்செடி கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்காவாசி ஒரே விஷயம்தான். காட்டுக்குள்ளயோ காட்டோரமாவோ கன்னு நட்டோம், போயிடுச்சு, என்ன பண்றது. அதனால மத்த கேள்விகளை எடுத்து வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன், ரோஜா கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: காட்டை ஒட்டி இருக்கிற நிலத்துல 40 மரக்கன்னு நட்டேன். மூணு வாரத்துல பாதி காலி. எல்லாரும் மான் தின்னுடுச்சுன்னு சொல்றாங்க. வேலி போட்டா நிக்குமா?

பதில்: வேலிக்கு காசு எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க, செத்த கன்னு ஒவ்வொண்ணையும் கிட்ட குனிஞ்சு பாருங்க. போன கன்னுக்கெல்லாம் மான்தான் காரணம்னு சொல்றது நம்ம ஆளுங்களோட பழக்கம், ஏன்னா மான் கண்ணுக்கு தெரியும், புழு தெரியாது. நானும் அப்படித்தான் ஒரு வருஷம் ஆளுயரத்துக்கு வலை கட்டிட்டு நிம்மதியா தூங்கினேன், உள்ள இருந்த கன்னு தினமும் ரெண்டு மூணா விழுந்துக்கிட்டே இருந்துச்சு, வலைக்கு உள்ளயே மண்ணுக்குள்ள படுத்திருந்தான் எதிரி.

கடிச்ச இடத்துல கையெழுத்து இருக்கும். மானுக்கு மேல் தாடையில முன்பல்லு கிடையாது, அதனால அது வெட்டாது, பிடிச்சு இழுத்து கிழிக்கும், நுனி நாரு நாரா பிஞ்சு தொங்கும். முயல் அப்படி இல்ல, கத்தியால சாய்வா சீவின மாதிரி சுத்தமா வெட்டியிருக்கும், அதுவும் ரெண்டடி உயரத்துக்கு கீழதான். எலி இலையை விட்டுட்டு அடித்தண்டுல பட்டையை சுரண்டும், சின்ன சின்ன பல்லு தடம் வரி வரியா தெரியும். ஓடு இருக்கிற நத்தையோ ஓடில்லாத நத்தையோ வந்திருந்தா இலையில ஒழுங்கில்லாத ஓட்டை, பக்கத்துல வெள்ளியா காஞ்ச கோடு. எதுவுமே கடிக்காம, தண்டு மண்ணு மட்டத்துல நூலு மாதிரி சுருங்கி கன்னு அப்படியே மடிஞ்சு விழுந்திருந்தா அது நாற்றழுகல், பூஞ்சை வேலை, அதுக்கு எந்த வேலியும் உதவாது.

40 கன்னுல 20 போச்சுன்னா அந்த 20க்கும் ஒரே காரணமா இருக்காது. ஒரு பேப்பர்ல எழுதுங்க, எத்தனை கிழிஞ்சது, எத்தனை வெட்டுனது, எத்தனை வாடுனது. எழுதினதுக்கு அப்புறம் எந்த நம்பர் பெருசோ அதுக்கு செலவு பண்ணுங்க.

கேள்வி: சாயங்காலம் நல்லா இருந்த நாத்து காலையில அடியோட வெட்டி பக்கத்துலயே கிடக்குது. தின்னவும் இல்ல. யாரோ வேணும்னே பண்ற மாதிரி இருக்கு.

பதில்: பக்கத்து வீட்டுக்காரரை சந்தேகப்படாதீங்க, இது வெட்டுப்புழு. அந்துப்பூச்சியோட குழந்தை. ராத்திரி வரும், தண்டை மண்ணு மட்டத்துல சுத்திக்கிட்டு அறுக்கும், கொஞ்சம் தின்னுட்டு அடுத்த செடிக்கு போயிடும், அதனாலதான் நாத்து முழுசா கிடக்கற மாதிரி தெரியுது. பகல்ல எங்கயும் ஓடாது. விழுந்த நாத்தை சுத்தி ஒரு சாண் வட்டத்துல விரலால மண்ணை ரெண்டு மூணு விரக்கடை கிளறுங்க, சாம்பல் கலர்ல கொழுத்த புழு இங்கிலீஷ் C எழுத்து மாதிரி சுருண்டு கிடைக்கும், எடுத்துட்டீங்கன்னா அன்னைக்கு ராத்திரி பக்கத்து நாத்து பிழைக்கும்.

மத்த நாத்துக்கெல்லாம் கழுத்துப்பட்டை போடுங்க. பேப்பர் கப்போட அடிப்பக்கத்தை வெட்டி எடுத்துட்டா அதுவே போதும், டிஷ்யூ ரோல் நடுவுல வர்ற அட்டைக்குழாயும் ஓகே, ரெண்டு மூணு சென்டிமீட்டர் மண்ணுக்குள்ள போற மாதிரி அழுத்தி வைங்க, மேல ஒரு நாலு விரல் நிக்கணும். புழுவுக்கு தண்டை சுத்தி வளைக்க முடியாது, அவ்வளவுதான் டெக்னிக். தண்டு பென்சில் தடிமன் வந்துட்டா அப்புறம் பயம் குறைஞ்சிடும். நடறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே அந்த இடத்துல களையை எடுத்து மண்ணை கிளறி விட்டா புழு பட்டினியா போகும், பறவை பொறுக்கிடும், இதை யாரும் பண்ண மாட்டேங்கறாங்க, களையை புடுங்குன அன்னைக்கே நாத்தை வச்சுடறாங்க, அப்போ பசியோட இருக்கிற புழுவுக்கு மிச்சம் இருக்கிற ஒரே சாப்பாடு உங்க நாத்துதான்.

கேள்வி: நத்தைக்கு முட்டை ஓடு தூவலாமா?

பதில்: தூவலாம், நத்தை அது மேலேயே நடந்து போகும். பிரிட்டன்ல ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டி முட்டை ஓடு, காப்பர் டேப், கூர்மையான கல்லுத்தூள்னு வீட்டு வைத்தியமெல்லாம் வச்சு சோதனை பண்ணி 2018ல ரிசல்ட் சொன்னாங்க, போட்ட செடிக்கும் போடாத செடிக்கும் சேதத்துல வித்தியாசமே இல்ல. டார்ச் எடுத்துக்கிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல போய் பொறுக்குங்க. தண்ணி காலையில ஊத்துங்க, சாயங்காலம் ஊத்தினா ராத்திரி முழுக்க தரை ஈரமா நீங்களே அதுக்கு ரோடு போட்டு குடுத்த மாதிரி.

கேள்வி: பேர் போடாதீங்க சார். ஒரு ஃப்ரெண்டு காட்டுக்குள்ள யாருக்கும் தெரியாம நாலு கஞ்சா செடி வைக்கலாம்னு சொல்றான். கன்னு சின்னதா இருக்கும்போது மிருகம் தின்னாம எப்படி காப்பாத்தறதுன்னு உங்ககிட்ட கேக்க சொன்னான்.

பதில்: அந்த ஃப்ரெண்டு யாருன்னு நான் கேக்கல. ஆனா இதுக்கு ஐடியா குடுக்க மாட்டேன், சட்டம் ஒரு காரணம், காடு இன்னொரு காரணம்.

சட்டத்தை முதல்ல சொல்லிடறேன். 1961 ஐநா போதைப்பொருள் ஒப்பந்தத்துல இருந்து உலகத்துல பெரும்பாலான நாட்டுல இது லைசென்ஸ் இல்லாம வளர்த்தா குற்றம்தான். கனடா 2018ல சட்டம் மாத்துச்சு, வீட்டுக்கு நாலு செடின்னு கணக்கு, அதுலயும் சில மாகாணம் அப்போ வீட்டுல வளர்க்கவே விடல. ஜெர்மனி 2024 ஏப்ரல்ல பெரியவங்க ஒருத்தருக்கு மூணு செடின்னு விட்டுச்சு. அனுமதி குடுத்த இந்த நாடுங்க கூட சொன்னது உன் வீட்டுல, குழந்தைங்க கைக்கு எட்டாத மாதிரி வைன்னு. பொதுக்காட்டுல போய் நடுன்னு சொல்லல.

இப்ப காடு. கஞ்சா வெயில் கேக்கற செடி, அடர்ந்த நிழல்ல வெளுத்து நீண்டு ஒண்ணுக்கும் ஆகாம போகும். அதனால காட்டுக்குள்ள திருட்டுத்தனமா வளர்க்கறவன் முதல்ல மரத்தை வெட்டறான், அப்புறம் ஓடையில பைப்பை விட்டு தண்ணியை திருப்பறான், கடைசியா நீங்க கேட்ட அதே கேள்விக்கு, அதாவது கன்னை எலி கடிக்காம இருக்க, அவன் கண்டுபிடிச்ச பதில் எலி விஷம். செடியை சுத்தி கொட்டி வச்சிடறான். கலிபோர்னியா காடுகள்ல என்ன ஆச்சுன்னா ஃபிஷர்னு ஒரு பிராணி, நீர்நாய் குடும்பம், மரமேறும், அது செத்துக்கிடந்ததை எடுத்து சோதிச்சு 2012ல ஆய்வு வெளிவந்துச்சு, 58ல 46 பிராணி உடம்புல எலி விஷம் இருந்துச்சு. ஊரை விட்டு எவ்வளவோ தூரத்துல காட்டுக்குள்ள வாழற மிருகத்துக்கு எலி விஷம் எங்கிருந்து வந்துச்சுன்னு தேடினா திருட்டு கஞ்சா தோட்டத்தை கை காட்டுச்சு. விஷம் தின்ன எலி உடனே சாகாது, நாலஞ்சு நாள் தள்ளாடும், அதை பிடிச்சு தின்ன ஃபிஷருக்கும் ஆந்தைக்கும் ரத்தம் உறையாம உள்ளுக்குள்ளயே கசியும். எலியை நமக்காக சும்மா பிடிச்சு குடுத்துக்கிட்டிருந்த ஆளையே கொன்னாச்சு, அடுத்த சீசன்ல எலி இன்னும் ஜாஸ்தி.

இது கஞ்சாவுக்கு மட்டும் இல்ல, மரக்கன்னு வைக்கற நல்ல மனுஷங்களும் எலி விஷம் வாங்கிட்டு வந்து கொட்டறாங்க. வேண்டாம். ஃப்ரெண்டுக்கு செடி வளர்க்க கை அரிக்குதுன்னா நாலு காட்டு மரக்கன்னு வைக்க சொல்லுங்க, கீழ இருக்கிறதெல்லாம் அதுக்கு பொருந்தும்.

கேள்வி: பிளாஸ்டிக் குழாய் மாதிரி ட்ரீ ஷெல்டர் விக்கறாங்களே, அது நல்லதா, கம்பி வலை நல்லதா?

பதில்: கிரஹாம் டூலின்னு பிரிட்டன்ல ஒரு வனத்துறைக்காரர் 1979ல ஆரம்பிச்சு வச்சது அந்த குழாய். மிருகம் கடிக்காம தடுக்கறதோட உள்ள ஒரு குட்டி கண்ணாடி வீடு மாதிரி ஈரமும் கதகதப்பும் நிக்கும், கன்னு மேல வேகமா போகும். உயரத்தை உங்க ஏரியால வர்ற மிருகத்தை வச்சு எடுங்க, முயல்னா 60 சென்டிமீட்டர், சின்ன மான்னா 1.2 மீட்டர், பெரிய மான்னா 1.8 மீட்டர் வரைக்கும் போகணும். முயலுக்கு போதுமான குழாயை வாங்கி மானுக்கு வச்சா மான் நின்ன இடத்துல இருந்தே நுனியை மட்டும் கொய்யும், நீங்க கிண்ணத்துல பரிமாறின மாதிரி.

குறை என்னன்னா உள்ள வளர்ற கன்னு ஒல்லியா நெட்டையா போகும், காத்துல ஆடாததால தண்டு தடிக்காது. குழாய் அடி தரையில சரியா ஒட்டலைன்னா எலி உள்ள புகுந்து கூடு கட்டி, குளிர் காத்து படாம உக்காந்து பட்டையை சுரண்டும், வேலியே பயிரை மேய்ஞ்ச கதை. ஒரு விரக்கடை மண்ணுக்குள்ள புதைங்க. வெயில் கடுமையா அடிக்கற இடத்துல மூடின குழாய் உள்ள வெந்துடும், அங்க காத்து போற கம்பி வலைதான் சரி, கன்னுக்கு ஒரு முழம் தள்ளி வட்டமா வளைச்சு ரெண்டு குச்சியில கட்டிடுங்க. முள்ளு வெட்டி சுத்தி அடுக்கினாலும் ஒரு வருஷத்துக்கு தாங்கும், காசில்லாத வேலி.

தொளதொளன்னு நைலான் வலை மட்டும் போடாதீங்க. பாம்பு மாட்டும், பறவை மாட்டும், காலையில போய் கத்தரிக்கோலால அறுத்து எடுக்கறது நீங்கதான், அதுவும் பாம்பு உயிரோட இருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கங்க. குழாயையும் மரம் பெருசானதும் கழட்டி எடுத்துட்டு வாங்க, அப்படியே விட்டா காட்டுல பிளாஸ்டிக் துண்டு துண்டா கிடக்கும்.

கேள்வி: முடி, சோப்பு, மிளகாக்கரைசல் எல்லாம் கட்டி தொங்க விட்டா மான் வராதாமே?

பதில்: முதல் வாரம் வராது. அப்புறம் பழகிடும், பசி வந்தா சோப்பு வாசனை பெருசா தெரியாது. மருந்து அடிச்சாலும் மழையில போயிடும், அதுக்கப்புறம் வர்ற தளிர்ல மருந்தே இருக்காது, மானுக்கு பிடிச்சதே அந்த தளிர்தான். நாத்தம் பிடிச்ச முட்டைக்கரைசல் மத்ததை விட பரவாயில்ல, திரும்ப திரும்ப அடிக்க பொறுமையும் மூக்கும் இருந்தா பண்ணுங்க.

கேள்வி: எதுவும் கடிக்கல, நோயும் இல்ல, ஆனா கன்னு அப்படியே நிக்குது, ஒரு இலை கூட புதுசா விடல. காட்டு மண்ணு வளமாத்தானே இருக்கும்?

பதில்: மண்ணு வளம்தான், ஆனா அந்த வளத்துக்கு ஏற்கனவே பட்டா வாங்கினவங்க நிறைய பேர் இருக்காங்க. பெரிய மரத்து வேர், புல்லு, புதர், எல்லாம் உங்க கன்னுக்கு முன்னாடியே தண்ணியை உறிஞ்சிடும். அதுலயும் புல்லு இருக்கே, மானை விட புல்லு கொன்ன கன்னு ஜாஸ்தின்னு நான் நினைக்கறேன், சத்தமில்லாம கொல்றதால யாரும் கேஸ் போடறதில்ல. கன்னை சுத்தி ஒரு மீட்டர் வட்டம் புல்லில்லாம வைங்க, ரெண்டு மூணு வருஷத்துக்கு. வெட்டி விட்டா பத்தாது, வெட்டின புல்லு இன்னும் வேகமா தளிர்த்து இன்னும் தண்ணி குடிக்கும், வேரோட எடுத்துட்டு மேல காஞ்ச இலையோ மரத்தூளோ ஒரு ஜாண் கனத்துல இல்லாம, நாலு விரல் கனத்துக்கு மூடாக்கு போடுங்க, தண்டை தொடாம ஒரு கை அகலம் விட்டு. தண்டை ஒட்டி போட்டா பட்டை அழுகும், எலிக்கும் மெத்தை போட்ட மாதிரி.

வெளிச்சத்தையும் பாருங்க. நடறதுக்கு முன்னாடி ஒரு நாள் அந்த இடத்துல காலை, மத்தியானம், சாயங்காலம் மூணு தடவை போய் வெயில் விழுதான்னு பாத்திருக்கணும், இலையுதிர் காலத்துல பாத்துட்டு நட்டவங்க மரமெல்லாம் தழைச்சதும் திகைச்சு நிக்கறாங்க. இன்னொண்ணு, கன்னை நர்சரி பையில இருந்து எடுத்தப்ப வேர் வட்டமா சுத்தியிருந்துச்சா? அதை பிரிச்சு விடாம, இல்ல கத்தியால ரெண்டு பக்கம் கீறி விடாம நட்டிருந்தா வேர் இன்னும் பை இருக்கறதா நினைச்சு உள்ளயே சுத்திக்கிட்டிருக்கும். ஒண்ணை தோண்டி பாத்துடுங்க, மத்ததுக்கு பாடம்.

கேள்வி: வீட்டுக்குள்ள முளைக்க வச்ச கன்னு வெளிய கொண்டு போனதும் ரெண்டே நாள்ல இலை வெள்ளையா கருகுது.

பதில்: வெயில் பழகல. முதல் நாள் ஒரு மணி நேரம் காலை வெயில், அடுத்த நாள் ரெண்டு மணி நேரம், இப்படி ஒரு வாரம் பத்து நாள் ஏத்திக்கிட்டே போய் கடைசி ரெண்டு ராத்திரி வெளியவே விட்டுட்டு அப்புறம் நடுங்க. காத்தும் படணும்.

கேள்வி: ரெண்டு வயசு கன்னு, அடியில எலி பட்டையை சுத்தி கடிச்சிடுச்சு. இலை இன்னும் பச்சையாத்தான் இருக்கு. பிழைக்குமா?

பதில்: முழு வட்டமும் போச்சா, இல்ல ஒரு பக்கம் பட்டை மிச்சம் இருக்கா, அதை பாருங்க முதல்ல. இலை தயாரிக்கிற சாப்பாடு பட்டைக்கு உள்பக்கம் வழியாத்தான் வேருக்கு இறங்கும், தண்ணி மேல ஏர்றது கட்டை வழியா. அதனால பட்டை போனாலும் தண்ணி ஏறிக்கிட்டே இருக்கும், இலை பச்சையா நிக்கும், கீழ வேர் மட்டும் பட்டினி கிடக்கும், பச்சையை பாத்து ஏமாறாதீங்க. கால்வாசி பட்டை ஒட்டியிருந்தாலும் நம்பிக்கை இருக்கு, காயத்துல எதையும் பூசாம விட்டுட்டு சுத்தி வலை போட்டுடுங்க, அதுவே ஓரத்துல இருந்து மூடிக்கிட்டு வரும். முழு வட்டமும் போயிருந்தா, வெட்டினா துளிர்க்கற ரக மரமா இருந்தா, கடிச்ச இடத்துக்கு கீழ சாய்வா அறுத்துடுங்க, வேர்ல சேத்து வச்ச பலம் இருக்கறப்பவே அறுக்கணும், லேட் பண்ணினா அதுவும் தீந்துடும். நாலஞ்சு துளிர் வரும், திடமா இருக்கற ஒண்ணை விட்டுட்டு மத்ததை கிள்ளிடுங்க. ஒட்டுக்கட்டின கன்னுன்னா ஒட்டுக்கு கீழ இருந்து வர்றது வேற மரம், அதை வச்சுக்கிட்டு பழம் வரும்னு காத்திருக்காதீங்க.