நியூயார்க்கில் எட்டுப் பள்ளிகளுக்கு ஒரே தேர்வு: இடம் எப்படிக் கிடைக்கிறது?

நியூயார்க் நகரின் சிறப்பு உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒரே நுழைவுத் தேர்வு என்றால், யாருக்கு எந்தப் பள்ளி என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

இவை கட்டணமில்லாத அரசுப் பள்ளிகள். ஸ்டைவசன்ட், பிராங்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக் உட்பட எட்டுப் பள்ளிகள் ஆங்கிலமும் கணிதமும் கொண்ட இந்தத் தேர்வை வைத்தே சேர்க்கின்றன. வகுப்பு மதிப்பெண்ணும் சிபாரிசும் எடுபடாது. தேர்வு வழியாகவே சேர்க்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் சொல்கிறது. அது நியாயமா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை, அது வேறு கதை. ஒன்பதாவதான லாகுவார்டியா கலைப் பள்ளி மட்டும் திறன் காட்டச் சொல்கிறது.

தீபாவளிக்கு முந்தைய நாள் இனிப்புக் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். இனிப்புகள்தான் பள்ளிகள். வரிசையில் உங்கள் இடத்தைத் தீர்மானிப்பது மதிப்பெண். கையில் இருக்கும் சீட்டு உங்கள் விருப்பப் பட்டியல்: முதலில் ஜாங்கிரி, இல்லையென்றால் மைசூர்பாகு. உங்கள் முறை வரும்போது ஜாங்கிரி இருந்தால் அது, தீர்ந்திருந்தால் அடுத்தது. கடைசி ஜாங்கிரியை வாங்கியவரின் மதிப்பெண்தான் அந்த ஆண்டின் ‘கட் ஆஃப்’. அதை யாரும் முன்கூட்டியே நிர்ணயிப்பதில்லை. ஆண்டுக்கு ஆண்டு மாறுவதும் அதனால்தான்.

ஸ்டைவசன்டை முதலில் எழுதிவிட்டு அது கிடைக்காமல் போனால் இரண்டாவது பள்ளியில் பின்தள்ளப்படுவோம் என்று பல பெற்றோர் அஞ்சுகிறார்கள். அப்படி நடக்காது, விருப்பப் பட்டியல் வரிசையில் உங்கள் இடத்தை மாற்றுவதே இல்லை.