மைக் செட்காரர் மகன் சொல்லும் ஹிப் ஹாப் ஆவணப்படம்

ஹிப் ஹாப் பற்றி நல்ல ஆவணப்படம் எது, எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ராப் கேட்கிறீர்கள், வீட்டில் "இதெல்லாம் ஒரு பாட்டா" என்று திட்டு விழுகிறது, பதில் சொல்ல ஏதாவது வேண்டும். அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். டக் ப்ரே எடுத்த 'ஸ்க்ராட்ச்' (2001) பாருங்கள். பாடுகிறவர்களை ஓரமாக நிறுத்திவிட்டு, ரிக்கார்டு சுற்றும் டிஜேக்களைப் பற்றிப் பேசுகிற படம்.

எனக்கு அது ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அப்பா திருநெல்வேலிப் பக்கம் மைக் செட் வைத்திருந்தவர். 1984 அம்மன் கொடையில் அவர் சாப்பிடப் போன நேரம் பெட்டிக்கு நான்தான் காவல். எனக்குப் பத்து வயது. சுற்றிக்கொண்டிருந்த ரிக்கார்டில் சும்மா விரலை வைத்தேன். பாட்டு 'வ்ர்ர்ர்' என்று இழுத்தது. எடுத்தேன், ஓடியது. அப்புறம் லேசாகப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். வேப்பமரத்தில் கட்டிய கூம்புக் குழாய் வழியே ஊர் முழுக்க ஆத்தாளுக்கு விக்கல். அப்பா சோற்றுக் கையோடு ஓடிவந்து முதுகில் வைத்தார் ஒன்று. கொடைக்கு எடுத்த புதுச்சட்டையில் ஐந்து விரலும் சாம்பாரில் பதிந்திருந்தது. "முள்ளு என்ன விலை தெரியுமாலே?"

அந்தப் படத்தில் கிராண்ட் விசர்ட் தியடோர் தன் கதையைச் சொல்வார். 1970களின் நடுவில், நியூயார்க்கின் ப்ராங்க்ஸில், சிறுவனாக அறைக்குள் சத்தமாகப் பாட்டு வைத்திருக்கிறார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அம்மா வந்து நிற்கிறார். பேசி முடிக்கும்வரை ரிக்கார்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்திருக்கிறார் பையன். ஸ்க்ராட்ச் பிறந்தது அப்படித்தான். நம்மிடம் 'கீறல் விழுந்த ரிக்கார்டு' என்றால் வசவு; அவர்களுக்கு அதுவே வித்தை.

உடனே "ஹிப் ஹாப் நெல்லையில் பிறந்தது என்கிறாயா" என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் 1973 ஆகஸ்ட் 11 அன்று ப்ராங்க்ஸில் தங்கை வைத்த விருந்துக்கு ரிக்கார்டு போட்டதைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள். ஒரே ரிக்கார்டின் இரண்டு பிரதிகளை இரண்டு பிளேயரில் வைத்து, தாளம் மட்டும் வரும் துண்டை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டியவர் அவர். எங்களிடம் இருந்ததே ஒரு பிளேயர். ஆனால் அங்கே பூங்காக்களில் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து கரண்ட் எடுத்துப் பாட்டுப் போட்டிருக்கிறார்கள். கொக்கி போடுவது! அதைக் கேட்டதும் அப்பா முதல்முறையாக மரியாதையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்து 'ஸ்டைல் வார்ஸ்' (1983). ரயில் பெட்டிகளில் படம் வரைகிற பையன்களின் கதை; அதுவும் ஹிப் ஹாப்பில் சேர்த்திதான். ஸ்கீம் என்ற பையனை அவன் அம்மா வாங்குகிற வாங்கு நம் வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோலவே இருக்கும். ஈழத்திலிருந்து அகதியாக லண்டன் போன ராப் பாடகி மாயாவைப் பற்றிய 'மாதங்கி / மாயா / எம்.ஐ.ஏ.' (2018) படத்தையும் விடாதீர்கள். பெரும்பகுதி அவரே கேமராவும் கையுமாக எடுத்து வைத்திருந்த காட்சிகள்.

சம்பந்தமில்லாமல் ஒன்று. ஒரு கல்யாண வீட்டில் அப்பாவுக்கு வர வேண்டிய 350 ரூபாய் பாக்கி இன்றுவரை வரவில்லை. போன வருஷம் அதே வீட்டு விசேஷத்துக்கு டிஜே வந்தார். அவருக்கு முழுப் பணமும் முன்கூட்டியே கொடுத்தார்களாம்.