எளிய பூட்டு திறக்கப் பழகியாயிற்று. கடினமான பூட்டு ஏன் பாதியில் நின்றுவிடுகிறது?

சாவியில்லாமல் பூட்டுத் திறப்பதைப் பொழுதுபோக்காகப் பழகுகிறவர்கள் பலரும் முட்டி நிற்கும் இடம் இது: உருளை லேசாகத் திரும்பும், பூட்டு திறக்காது. இதைப் பொய்த் திருப்பம் எனலாம்.

சாவி நுழையும் உருளையை ஸ்பிரிங் வைத்த சின்ன ஊசிகள், ஒவ்வொரு துளையிலும் மேலொன்று கீழொன்றாக, மறித்து நிற்கின்றன. அவற்றின் துளைகள் அச்சு அசலாக ஒரே கோட்டில் அமைவதில்லை. அதனால் உருளையை மெல்லத் திருப்பிப் பிடித்தால் ஒரு நேரத்தில் ஒரு ஊசிதான் இறுகும். மேல் ஊசி உருளையை விட்டு வெளியேறும்வரை அதை உயர்த்திவிட்டு அடுத்ததற்குப் போகலாம். கடினமான பூட்டுகளில் மேல் ஊசிகள் சிலவற்றை இடை சிறுக்கக் கடைந்திருப்பார்கள். அந்த ஒடுக்கத்தில் உருளையின் விளிம்பு மாட்டிக்கொள்கிறது; அதுதான் பொய்த் திருப்பம்.

செட்டிநாட்டு வீட்டுப் பழைய தேக்கு மேசையில் இழுப்பறை கோணிச் சிக்கினால் இழுக்க இழுக்க இறுகும். சற்று உள்ளே தள்ளிவிட்டு இழுத்தால் வந்துவிடும். இங்கேயும் அதேதான். திருப்பும் விசையைத் தளர்த்தி, உருளையைக் கொஞ்சம் வந்த வழியே திரும்பவிட்டு, மாட்டிய ஊசியை உயர்த்துங்கள். அதிகம் தளர்த்தினால் மற்ற ஊசிகளும் விழுந்துவிடும். விரலுக்கு இந்த அளவு பிடிபடுவதுதான் வித்தையே.

அப்புறம், காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் பழைய பூட்டுகளிலும், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுகளிலும் பலவற்றுக்குள் இருப்பது ஊசிகள் அல்ல, சாவி தூக்கிவிடும் தட்டையான நெம்புத் தகடுகள். அது வேறு பாடம். சொந்தமான, புழக்கத்தில் இல்லாத பூட்டில் மட்டும் பழகுங்கள்.

கனமான பூட்டென்றால் திறக்கவும் கடினம் என்று நினைக்கிறார்கள்; கனம் உடைப்பதையும் அறுப்பதையும்தான் தடுக்கும், இந்த வித்தையைத் தடுப்பது உள்ளிருக்கும் கடைசல் வேலை.