மூச்சை அளக்கும் பரிசோதனைக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: களியக்காவிளையில் மர அறுவைக் கடை வைத்திருக்கிறேன். பல ஆண்டுகளாக இடப்பக்க மூக்கு அடைத்துக்கொள்கிறது. எல்லை தாண்டி ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மூக்குத் தண்டு வளைந்திருப்பதால் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். அதற்கு முன் ரைனோமேனோமெட்ரி என்ற பரிசோதனைக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். ஸ்கேன் இருக்கும்போது இது வீண் செலவு இல்லையா?

பதில்: வீண் செலவு அன்று, ஆனால் எப்படிச் செய்வார்கள் என்று கேட்டுக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள். ஸ்கேன் வளைவைக் காட்டும். அந்த வளைவுதான் உங்கள் மூச்சைத் தடுக்கிறதா என்பதைக் காட்டாது. தண்டு ஓரளவு வளைந்திருந்தும் எந்தத் தொல்லையும் இல்லாதவர்கள் ஏராளம்.

இந்தப் பரிசோதனையில் ஒரு நாசித் துளையை நாடாவால் மூடி, அதில் செருகிய மெல்லிய குழாய் வழியே அழுத்தத்தை அளந்தபடி, முகமூடிக்குள் மற்றத் துளையால் மூச்சு விடச் சொல்வார்கள். பிறகு துளையை மாற்றுவார்கள். வழக்கமாக 150 பாஸ்கல் அழுத்தத்தில் எவ்வளவு காற்று செல்கிறது என்பதைக் கொண்டு தடையைக் கணக்கிடுவார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது அடுத்த கட்டத்தை. வீக்கம் வடியச் செய்யும் மருந்தை மூக்கில் விட்டு, சிறிது நேரம் கழித்து மறுபடியும் அளக்க வேண்டும். தடை வெகுவாகக் குறைந்தால் அடைப்புக்குப் பெரும்பாலும் சவ்வின் வீக்கமே காரணம். நாள் முழுதும் மரத்தூளில் நிற்கும் உங்கள் விஷயத்தில் எனக்கு அந்தச் சந்தேகம் உண்டு. அப்படியானால் ஸ்டீராய்டு ஸ்பிரேயையும் முகக்கவசத்தையும் முறையாகச் சில வாரங்கள் முயன்று பார்ப்பதே முதல் வேலை. தடை குறையாவிட்டால் எலும்பும் குருத்தெலும்பும்தான் வழியை மறிக்கின்றன என்று கொள்ளலாம். ஆபரேஷனால் பலன் கிடைக்கும் வாய்ப்பும் அப்போது கூடும்.

மருந்து விடாமல் ஒரே முறை அளந்து தரும் எண்ணுக்கு நான் பணம் கொடுக்க மாட்டேன். நலமான மூக்கிலேயே சில மணி நேரத்துக்கு ஒருமுறை அடைப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கி வேகமாக நடந்து வந்தாலும் தடை குறைந்துவிடும். ஆகவே சற்று நேரம் உட்கார்ந்து இளைப்பாறிய பிறகு அளக்கச் சொல்லுங்கள். கடையில் வாங்கிய சொட்டு மருந்தை நாள்தோறும் விட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால், அதுவே அடைப்பை உண்டாக்கக்கூடும் என்பதால், மலையாளத்திலோ தமிழிலோ டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பரிசோதனை தரும் எண்ணும், நோயாளி உணரும் அடைப்பும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. எனவே எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதும் சரியன்று. மூக்கினுள் பார்த்த சோதனையோடும் உங்கள் தொல்லையோடும் அது பொருந்த வேண்டும். ஆபரேஷன் தேதியைக் குறித்துவிட்டு, ஃபைலை நிரப்புவதற்காகப் பரிசோதனை செய்கிறார்கள் என்றால் தாராளமாக மறுக்கலாம்.

அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன. காப்பீடு இருந்தால் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள்: மூக்குத் தண்டு ஆபரேஷனுக்கு 2 ஆண்டுக் காத்திருப்புக் காலம் விதிக்கும் பாலிசிகள் பல உள்ளன.